114-ஆம் நம்பர் சுவிட்சர்லாந்து

உலகத்தில் கண்ணால் பார்க்க வேண்டிய பச்சை இடங்கள் எத்தனை என்று கமால் பாயைக் கேட்டால், யோசிக்காமல் இருநூற்றுப் பன்னிரண்டு என்பார். காக்களூர் தொழிற்பேட்டையில் தேசப்பன் நடத்துகிற வால்பேப்பர் பட்டறையின் சாம்பிள் புத்தகத்தில் இயற்கைக் காட்சிகள் அத்தனைதான். அதற்கு மேல் ஓர் இடம் உலகத்தில் இருக்குமானால் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

பாய்க்கு வயது ஐம்பத்திரண்டு. பட்டறையில் கலர் பார்க்கிற வேலை. மிஷினிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ரோலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினால்தான் அது வெளியே போகும். பத்தொன்பது வருஷமாகத் தலையாட்டுகிறார். அயர்லாந்தின் கடலோரப் புல்வெளி, ஜப்பானின் மூங்கில் காடு, நியூசிலாந்தின் ஆட்டு மேடுகள், மேகாலயாவின் வேர்ப்பாலம் எல்லாம் அவர் தலையாட்டிய பிறகுதான் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் நுழைந்தன. அவர் மட்டும் அரக்கோணத்தைத் தாண்டியதில்லை. அரக்கோணத்துக்கும் சொந்தத்தில் ஒரு மௌத்து, அந்தத் துக்கத்துக்காகத்தான் போனார், அன்று மாலையே திரும்பிவிட்டார்.

எந்த நாடு யாருக்குப் போகும் என்பது பாய்க்கு அத்துப்படி. அயர்லாந்து பல் டாக்டர்களுக்கு. மூங்கில் காடு பியூட்டி பார்லர்களுக்கு. சுவிட்சர்லாந்து கல்யாண மண்டபங்களுக்கு. பாலித் தீவின் படிக்கட்டு வயல்கள் மட்டும் இந்தப் பக்கத்தில் விலைபோகாது. கடம்பத்தூரில் புதுவீடு கட்டிய அன்புசெல்வன், கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் வேலை பார்ப்பவர், ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது இன்னா பாய்?"

"பாலித் தீவு. வெள்ளக்காரன்லாம் இத்தப் பாக்கத்தான் பிளேன் ஏறி வரான்."

"நெல்லு வயலு."

"வயல்தான். ஆனா படிப்படியா எறங்குது பாருங்க."

"பாய், எங்கம்மா இந்த வயல்ல நட்டு நட்டு இடுப்பு நிமிரவே இல்ல. நான் அதுலருந்து தப்பிச்சுப் போயி நெருப்பு கிட்ட நின்னுக்கினு கீறேன். நீங்க எங்கிட்டயே டப்பு வாங்கிக்கினு அத்தத் தூக்கியாந்து என் ஹால்ல ஒட்றேன்றீங்க. சும்மா ஆடு மேயற எடம் எதுனா இருந்தா காட்டுங்க."

நியூசிலாந்து கொடுத்து அனுப்பினார்.

ஆட்கள் மாறினாலும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் பச்சை. பாயும் கூட்டிக் கொடுப்பார். அயர்லாந்துக்காரன் வந்து பார்த்தால் இது எந்த ஊர் என்று கேட்கிற அளவுக்குக் கூட்டிக் கொடுப்பார். அப்புறம் சுவரில் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்பார். மலையோ மரமோ கதவில் அடிபட்டுப் போகும் என்றால் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவார்கள். பட்டறையில் அதற்கு மிரர் போடுவது என்று பெயர். நியூசிலாந்து ஆடுகள் எந்தத் திசை பார்த்து மேய வேண்டும் என்பதைக் கடம்பத்தூர் ஆசாரி வைத்த நிலைக்கதவு தீர்மானிக்கும்.

பெரியகுப்பத்தில் இருந்த பாயின் வீடு சின்னது. ஆனால் அதற்குள் நடந்தால் நாலு நாடு தாண்டலாம். ஓரத்தில் கோடு விழுந்த ரோல்களை தேசப்பன் சும்மா கொடுத்துவிடுவார். பாய் அவற்றைக் கொண்டுவந்து ஒட்டினார். சமையலறையில் நார்வே. படுக்கை அறையில் மூங்கில் காடு. குளியலறையில் அமேசான் இருந்தது, ஈரம் தாங்காமல் ஒரு மழைக்காலத்தில் மொத்தமாக உரிந்து வாளிக்குள் விழுந்தது. ஹாலில் 114-ஆம் நம்பர். அலை அலையாய் இறங்குகிற ஒரு பச்சைச் சரிவு, இடது ஓரத்தில் தொடங்கி வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை, வலது கோடியில் குடை விரித்தாற்போல ஒரு தனிமரம், அதன் தலையில் கொஞ்சம் பனிமூட்டம்.

அதை ஒட்டிய நாளில்தான் எல்லாக் கோளாறும் ஆரம்பித்தது. பாயின் மனைவி சைதா பழவேற்காட்டுப் பெண். ஏரியும் மணலும் மீன்வலையும் பார்த்து வளர்ந்தவள். கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு அந்தச் சுவர் முன்னால் நின்றாள்.

"இது எந்த ஊருங்க?"

பாய்க்குத் தெரியாது. சாம்பிள் புத்தகத்தில் இந்தப் படத்துக்கு மட்டும் ஊர் பெயர் இல்லை, எண்தான் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் கமால் பாய்க்குள் எந்நேரமும் ஒரு பின்னணி இசை ஓடிக்கொண்டிருக்கும். மனைவி சுவரைப் பார்த்து மயங்கி நிற்கிறாள், வயலின் உச்சத்துக்குப் போகிறது, அந்த இடத்தில் எந்தக் கதாநாயகன் "தெரியாது" என்பான்?

"சுவிட்சர்லாந்து" என்றார்.

"நம்ம போலாமா?"

"உன்ன அங்க கூட்டிக்கினு போறது என் பொறுப்பு. நௌஷீன் கல்யாணம் மட்டும் முடியட்டும்."

அப்போது மகள் நௌஷீன் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். போதுமான அவகாசம் இருக்கிறது என்று பாய் கணக்குப் போட்டிருந்தார். சுவிட்சர்லாந்து என்பது அவரைப் பொறுத்தவரை பத்திரமான ஊர், யாரும் பஸ் ஏறிப் போய்ச் சரிபார்க்க முடியாது.

பதினொரு வருஷம் சைதா அந்தச் சுவருக்கு எதிரே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, ரவிக்கை தைத்தபடி அந்த மரத்தைப் பார்த்தாள். மக்காவுக்கு உம்ரா போகவென்று எடுத்த பாஸ்போர்ட்டைப் பிறகு ஒருநாள் எடுத்துக் காட்டி, "இது அதுக்கும் ஆவும்தானே?" என்று கேட்டாள். ஆகும் என்றார் பாய். போன வருஷம் நௌஷீனுக்குப் பொன்னேரியில் கல்யாணம் முடிந்தது. கல்யாணத்துக்கு மறுவாரம் பாய் முழங்கால் வலி என்று படுத்தார். வலி நிஜமாக இல்லை, ஆனால் நொண்டுவதை அவர் அழகாகச் செய்தார்.

இந்த வருஷம் ஜூலையில் பட்டறையில் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டார்கள். டிசைன் பார்க்கிற மோனிகா அலமாரியைக் காலி செய்தபோது பழைய சிடி ஒன்று கிடைத்தது. சிடி உடைந்து இரண்டாக இருந்தது, ஆனால் அதன் உறையில் படம் எடுத்தவர் பேனாவால் எழுதிய குறிப்புகள் அழியவில்லை. மோனிகா நல்ல பெண். பாய் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று உறையைப் படம் பிடித்து அவர் போனுக்கு அனுப்பினாள். அன்று பாய் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சைதா டீயைக் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு வாய் குடிக்கும் வரை பொறுமையாக இருந்தாள்.

"ஏங்க, சுவிட்சர்லாந்து இன்னா ஜில்லாங்க?"

"ஜில்லாவா? அது ஐரோப்பால கீது."

"இல்லீங்க. கோயம்புத்தூர் ஜில்லா. பொள்ளாச்சிலருந்து பஸ்ஸு கீதாம்."

போனை அவர் முன்னால் வைத்தாள். உறையில் தெளிவாக இருந்தது: 114, வால்பாறை, எஸ்டேட் மாதா கோயில் வாசல், காலை, 2007.

பாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த பின்னணி இசை கரண்ட் போனாற்போல நின்றது. என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். வால்பாறையைத் தென்னாட்டு சுவிட்சர்லாந்து என்றும் சொல்வார்கள் என்றார். அந்தப் பெயரை அவர் அப்போதுதான் வைத்தார். சைதா அழவில்லை, கத்தவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளிக்கலாம், பாய்க்கு அதில் அனுபவம் உண்டு. அவள் வெறுமனே தையல் மிஷினை மூடினாள்.

"ஊர் பேரு தெரியலேன்னு சொல்லி இருந்தா நான் உங்கள இன்னா செஞ்சி இருக்கப் போறேன்? ராத்திரி ஏறுனா காலைல போற ஊரு. பதினோரு வருஷம் என்னிய இங்கயே ஒக்கார வெச்சிட்டீங்க."

"சைதா..."

"அந்த மரத்த எனக்குக் காட்டுங்க. காட்டலேன்னா இந்த ஊட்ல நீங்க ஒட்டி வெச்சிக்கிற அத்தினி நாட்டையும் சுரண்டி எடுத்துட்டு வெள்ள அடிச்சிடுவேன். நீங்க இனிமே எந்த ஊரு பேரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். பக்கத்துல கீற திருப்பாச்சூருன்னு சொன்னாக்கூட போய்ப் பாத்துட்டுதான் நம்புவேன்."

நௌஷீனுக்குப் போன் போட்டு டிக்கெட் எடுக்கச் சொன்னாள்.

கோவை வரை ரயில், பொள்ளாச்சி வரை ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ். வளைவுகள் நாற்பது என்று பாய்க்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் போர்டு வைத்து எண் எழுதியிருந்தார்கள். பஸ் மலை ஏறும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம், நார்வேயில் இதைவிட மோசமான வளைவுகள் உண்டு என்று விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்பதாவது வளைவில் பேச்சு நின்றது. பதினான்காவதில் சைதா பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் எடுத்துக் கொடுத்தாள். மீதி இருபத்தாறு வளைவுகளையும் உலகம் அறிந்த கமால் பாய் அந்தக் கவருக்குள் முகத்தை வைத்துக்கொண்டே கடந்தார். இருபுறமும் இறங்கிய காடு, வரையாடு, தூரத்தில் அணைத் தண்ணீர் எல்லாவற்றையும் சைதா பார்த்தாள்.

மறுநாள் காலை, தங்கிய லாட்ஜில் வழி கேட்டுக்கொண்டு, ஜீப் பிடித்து எஸ்டேட் மாதா கோயிலுக்குப் போய் இறங்கினார்கள். சின்னக் கோயில், தகரக் கூரை, வாசலில் மூன்று படி. பாய் பையிலிருந்து 114-இன் சாம்பிள் தாளை எடுத்தார். மெல்லிய தாள், காற்றில் படபடத்தது. படியில் நின்று, நெற்றிக்கு நேரே கையைக் குடையாக வைத்து, எதிரே விரிந்த தேயிலை மலையைப் பார்வையிட்டார். பத்தொன்பது வருஷம் ரோல் பார்த்த பார்வை.

"இது இல்ல" என்றார்.

"உறைல மாதா கோயில் வாசல்னுதானே எழுதிக்கீது?"

"எழுதினவன் மறந்துட்டிருப்பான். பாரு, நம்ம படத்துல பாதை இந்தப் பக்கத்துலருந்து வருது. மரம் அந்தக் கோடில கீது. இங்க எல்லாமே வேற மாதிரி கீது. கலரும் சரி இல்ல. மஞ்ச தூக்கலா கீது. கொழுந்துல பாரு, செவப்பு அடிக்குது. நம்ம பட்டறையா இருந்தா இத்த வெளிய உட்டுருக்க மாட்டேன்."

"படைச்சவன் போட்ட கலர்ல குத்தம் சொல்லாதீங்க. வாங்க, தேடலாம்."

தேடினார்கள். பாய் முன்னே, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு. சைதா பின்னே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. அவளுடைய முழங்கால் வலி நிஜமானது. ஒரு சரிவில் ஏறினார்கள், மரமே இல்லை. இன்னொன்றில் இறங்கினார்கள், நாற்பது மரங்கள் வரிசையாக நின்றன. புல்லுக்குள் போனபோது பாயின் காலில் ஏதோ சில்லென்றது. செருப்பைக் கழற்றினால் விரலிடுக்கில் கருப்பாக அட்டை. அவர் போட்ட சத்தத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து, இடுப்பில் இருந்த சுருக்குப்பையிலிருந்து உப்பை எடுத்து வைத்தாள். அட்டை விழுந்தது. சின்னப்பொண்ணு என்று பெயர் சொன்னாள்.

"எங்கிருந்துங்க வர்றீங்க?"

"திருவள்ளூரு" என்றாள் சைதா. "இந்த எடத்தத் தேடிக்கிட்டு வந்தோம்மா. உனக்குத் தெரியுதா பாரு."

சின்னப்பொண்ணு தாளை வாங்கி, தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தாள்.

"முப்பது வருசமா இந்த மலையில கொழுந்து எடுக்கறேன். இந்தப் பச்சை எங்கயும் இல்லீங்களே. மருந்து அடிச்சாக்கூட இந்தக் கலரு வராது. யாருங்க இதுக்குச் சாயம் போட்டது?"

பாய் அட்டை கடித்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மரம் என்னவோ கோயில்கிட்ட நிக்கற மரம் மாதிரிதான் தெரியுது" என்று அவளே சொன்னாள். "ஆனா அது இந்தப் பக்கமில்ல, அந்தப் பக்கம்ல நிக்குது." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அங்கேதான் கமால் பாய்க்கு ஞாபகம் வந்தது.

திருவள்ளூர் பல் டாக்டர். பதினொரு வருஷத்துக்கு முன்னால், 114-ஐ முதன்முதலில் வாங்கியவர். அவர் கிளினிக்கில் கதவு இடது பக்கம். மரம் சரியாகக் கதவில் போய் விழுந்தது. டாக்டர் மரம்தான் வேண்டும் என்றார். "அதுக்கின்னா சார்" என்று சொல்லிவிட்டு பாயே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மிரர் போட்டார். போட்டதை, பழைய படம் இருந்த இடத்திலேயே சேமித்தார். அந்த ஆர்டரில் கோடு விழுந்த ரோல்தான் வீட்டு ஹாலுக்கு வந்தது. வீட்டிலும் கதவு இடது பக்கம், கச்சிதமாகப் பொருந்தியது என்று அன்று பெருமையாக வேறு இருந்தது.

அவர்கள் காலையில் ஜீப்பிலிருந்து இறங்கியதே 114-க்குள்தான். அதற்குள் நின்றுகொண்டுதான் அது 114 இல்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

கோயில் படிக்குத் திரும்பி வந்தபோது மணி இரண்டு. கீழே போகிற பஸ் மூன்றுக்கு. சைதா படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள். கண்ணுக்கு நேரே மரம் நின்றது. அவள் அதைப் பார்க்கவே இல்லை, இது இல்லை என்று சொல்லியாகிவிட்டதே.

"சரி, உடுங்க" என்றாள். "பேஜாரா கீது. நம்ம நசீபு அவ்ளோதான். ஊருக்குப் போனதும் வெள்ள அடிக்கிற ஆளுக்கு சொல்லிடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பாய்க்குத் தப்பிக்க வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். சுவர்கள் வெள்ளையாகும், அவ்வளவுதான். கலர் தெரிந்த மனுஷன் என்ற பெயராவது மிஞ்சும். பத்தொன்பது வருஷம் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தவனுக்கு இடது எது வலது எது என்று தெரியவில்லை என்பது யாருக்கும் தெரிய வேண்டாம். உள்ளே இசை மெதுவாகத் தொடங்கப் பார்த்தது. தியாகம், மௌனம், சோகமான புல்லாங்குழல். பாய்க்கே தன்மேல் எரிச்சலாக வந்தது.

"சைதா, ஒண்ணு சொல்லணும்."

"சுவிட்சர்லாந்த விட பெருசா?"

"அத்த விட சின்னது. ஆனா கேவலமானது."

சொன்னார். டாக்டர், கதவு, மிரர், எல்லாம். சைதா முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னார். அவளுக்கு முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. தாளை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பி, வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். மெல்லிய தாளில் வெளிச்சம் ஊடுருவியது. பாதை வலது ஓரத்துக்கு நகர்ந்தது. மரம் இடது கோடிக்குப் போய் நின்றது. தாளைக் கீழே இறக்கினார். எதிரே அதே பாதை, அதே சரிவு, அதே மரம். பதினேழு வருஷத்தில் கொஞ்சம் பருத்திருந்தது. தலையில் பனிமூட்டம் மட்டும் இல்லை.

சைதா தாளைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"காத்தாலருந்து இங்கயேதான் இருந்தோமா?"

"ஆமா."

"இதுலயே நின்னுக்கினு மஞ்ச தூக்கலா கீதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அட்ட கடிச்சது தப்பே இல்ல."

எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதையில் ஏறத் தொடங்கினாள். பாய் கை கொடுக்கப் போனார், வேண்டாம் என்று தள்ளினாள். பாதி தூரம் போனபின் அவளே கையை நீட்டினாள். மரத்தடிக்குப் போனதும் அதன் பட்டையில் உள்ளங்கையை வைத்து, துணிக்கடையில் துணி பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தாள். பிறகு அதன் வேரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். கழுத்தைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் பார்த்தாள்.

"பதினோரு வருஷமா சோத்துக்கைப் பக்கமே பாத்துப் பாத்து எனக்குக் கழுத்துப் புடிச்சிக்கிச்சி" என்றாள். "டாக்டரு தைக்கறதால வர்றதுன்னாரு."

அப்புறம்தான் சிரித்தாள். தூரத்துச் சரிவில் சின்னப்பொண்ணு நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பாய்க்குக் கண்ணில் நீர் வந்தது. அது பாசத்தாலா அட்டைக் கடியாலா என்று அவர் ஆராயவில்லை. மூன்று மணி பஸ் கீழே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"பச்சை கம்மிதானே?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"கம்மிதான்."

"ஏத்தாதீங்க."

ஊர் திரும்பிய பிறகு சைதா வெள்ளையடிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஹால் சுவரை மட்டும் அவளே கரண்டியால் சுரண்டினாள், இது பொய் மரம் என்றாள். பாய் 114-ஐ மறுபடி மிரர் போட்டு, மலையில் போனில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பச்சையைக் குறைத்து, கொழுந்தில் சிவப்புச் சேர்த்து ஒரு ரோல் அடித்தார். மிஷினிலிருந்து இறங்கியதை மோனிகா வந்து பார்த்தாள்.

"பாய், இங்க் தீந்து போச்சா?"

"இல்லம்மா. ஊரே அப்படித்தான் கீது."

ஒட்டும்போதுதான் தெரிந்தது. மரம் இப்போது இடது பக்கம் வந்துவிட்டதல்லவா, கதவும் அங்கேதான் இருந்தது. மரத்தில் பாதிதான் சுவருக்குள் அடங்கியது. மிச்சப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு பாய் விழித்தார். இன்னொரு முறை திருப்பலாமா என்று ஒரு நொடி யோசனைகூட வந்தது. சைதா பார்த்த பார்வையில் அது போய்விட்டது.

"கதவுமேல ஒட்டுங்க" என்றாள்.

ஒட்டினார். கதவைச் சாத்தினால் மரம் முழுசாக நிற்கும். யாராவது திறந்தால் நடுவில் இரண்டாகப் பிளந்து, பாதி மரம் தெருப்பக்கம் போய்விடும். தேசப்பன் ஒருநாள் வந்தவர் வாசலிலேயே நின்று, "இன்னா பாய், கலர் மங்கிப் போச்சு, மரம் வேற ஒடஞ்சி கீது, எந்த நாடு இது?" என்று கேட்டார்.

பாய் வாயைத் திறந்தார். உள்ளிருந்து சைதா தையல் மிஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"வால்பாறைங்க" என்றார். "உள்ள வந்து கதவச் சாத்துங்க, முழுசாத் தெரியும்."